ரதியின் வலது கை

எக்ஸ்ரே அறைக்குள் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கழற்றுங்கள் என்பதுதான். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, தாயத்து, அரைஞாணில் கோத்த சாவி. உலோகம் எதுவானாலும் படத்தில் வெள்ளையாக விழுந்து எலும்பை மறைத்துவிடும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். மற்றதையெல்லாம் சட்டென்று கழற்றிக் கூட வந்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். தாலிக்கு வரும்போது கை நின்றுவிடும். நெஞ்சுப் படத்துக்கு வந்த ஒரு அக்கா, தாலிக்கயிற்றைத் தலை வழியாக உருவி, அதைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார். படம் சுத்தமாக வந்தது. தாலியும் உடம்பை விட்டுப் போகவில்லை. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து தயங்குகிற பெண்களுக்கெல்லாம் நான் அந்த வழியைச் சொல்கிறேன்.

கொழும்பில் பயிற்சியில் இருந்தபோது எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. விடுதியில் நீ யார் என்ற கேள்வி பல உருவங்களில் வரும். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன வேலை, பிரஜாவுரிமை இந்தியாவா இலங்கையா. பதில்களை மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இது இல்லாவிட்டாலும் நான் நானாக இருப்பேனா என்று பார்ப்பேன். முகவரி போனால் இருப்பேன். உத்தியோகம் போனாலும் இருப்பேன். பெயர் போனால்? பேச்சு போனால்? எல்லாவற்றையும் கழற்றினால் கடைசியில் எலும்பு தெரியும் என்பது நான் படித்த படிப்பு. ஆனால் இந்த வரிசையில் கடைசியாக எதுவும் தெரியவில்லை.

விடுமுறைக்கு வரும்போது தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, குன்றைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் நுழைந்து போகும். சற்று முன் நான் இருந்த இடத்துக்குக் கீழே நானே போகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அதற்கு மேல் யோசனை நகராது. அதை நகர்த்தியவர் என் அண்ணன்.

அண்ணன் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் ஆலையில், இலையை உருட்டி நசுக்கும் ரோலர் மெஷினில் வேலை செய்தார். அப்பாவும் அதே ஸ்டோர்தான். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் மேலே படிக்க வேண்டும் என்று வீட்டில் முதலில் வாயைத் திறந்தவரும் அவர்தான். அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அதில் அவர் ரதி.

காமனுடைய கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தவத்தில் இருந்த சிவன் மீது மன்மதன் அம்பு விடுவான், சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து அவனை எரிப்பார், மன்மதனின் மனைவி ரதி அழுது மன்றாடுவாள். மனம் இரங்கிய சிவன், உடம்பில்லாத மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று வரம் கொடுப்பார். ஆடுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். காமன் கம்பம் ஊன்றிய நாளில் கூத்து மாஸ்டர் ரதிக்கும் மன்மதனுக்கும் மஞ்சள் கட்டிய கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டுவார். காமனை எரிக்கும் வரை அந்தக் காப்பை அவிழ்க்கக் கூடாது. வீட்டில் படுக்கக் கூடாது. முக்கியமாக, சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவர்களைக் கூப்பிடக் கூடாது. அந்த நாட்களில் எங்கள் அம்மா தன் மகனை "வாம்மா, ரதி" என்றுதான் சொல்வார். காப்பு நடுவில் அறுந்தால் அந்த வருசக் கூத்து நின்றுவிடும். அந்த ஆட்டத்தை நம்பி நேர்ந்துகொண்டவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் இருந்தார்கள்.

நான் பயிற்சி முடித்து எங்கள் ஊவா மாகாணத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுபதுகளின் கடைசி. ஒரு நாள் காலை பெண்கள் உட்காரும் பெஞ்சுப் பக்கம் போய் அட்டெண்டன் பெயர் கூப்பிடுவது கேட்டது.

"ரதி! ரதி யாரு? கை முறிஞ்ச ரதி!"

ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆண்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா ரதி, ஒன்னையத்தான் கூப்பிடுறாங்க. எந்திரி."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். மீசை மழித்த முகத்தோடு, வலது கையைப் பழைய சாரத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணன் எழுந்தார். பக்கத்தில் அவருடைய சிநேகிதர், அந்த வருசத்து மன்மதன்.

"என்னப்பா இது? சீட்டுல பொம்பளைன்னு எளுதியிருக்கு" என்றார் அட்டெண்டன்.

"ரதின்னா பொம்பளதாங்களே" என்றார் மன்மதன்.

"ஆளப் பாத்தா ஆம்பளையால்ல இருக்கு?"

"ஆமாங்க. அது அப்பிடித்தாங்க. காப்பு அவுக்கிற வரைக்கும் இவங்களுக்கு வேற பேரு கெடையாதுங்க."

கவுன்டரில் பெயர் கேட்டபோது மன்மதன் ரதி என்று சொல்லியிருக்கிறார். பெயரைப் பார்த்து அங்கே இருந்தவர் பெண் என்று எழுதிவிட்டார். இப்படி ஒரு பிழை எங்கள் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. சொந்தப் பெயரைச் சொன்னால் விரதம் கெட்டுவிடும் என்ற பயம், முறிந்த கையின் வலியைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

விடியற்காலையில் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போய், பாசி பிடித்த கல்லில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வீங்கி, காப்புக் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது.

"அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பரவால்ல. கூடப் பொறந்தவளுக்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு" என்றார்.

படம் எடுக்கும்போது ஃபிலிம் வைத்த பலகையின் ஓரத்தில் வலது என்பதற்கான ஈய எழுத்தை வைப்பது வழக்கம். அந்த எழுத்து இல்லாமல் படத்தைத் திருப்பிப் பிடித்தால் வலது கை இடது கையாகிவிடும். எலும்புக்குத் தன் பக்கம் எது என்று தெரியாது. கயிறும் மஞ்சளும் படத்துக்கு இடைஞ்சல் இல்லை. ஆகவே காப்போடு எடுத்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து விலகியிருந்தது.

டாக்டர் சிங்களவர், வார்டுகளில் பழகிய தமிழில் பேசுவார். படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"எலும்பு நேராக்கி மாவுக்கட்டுப் போடணும். இந்த நூல் வெட்டணும். உள்ளுக்கு வச்சுக் கட்டினா வீங்கும், விரல் செத்துப் போகும்."

"காப்பு வெட்டினா கூத்து நின்னுருமுங்க" என்றார் மன்மதன்.

"கட்டுப் போடாட்டி கை கோணிப் போகும். ரோலர்ல வேலை செய்ய ஏலாது. யோசிச்சுச் சொல்லு. நான் மத்த ஆளுகளப் பாத்துட்டு வாறேன்."

டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். நான் வழக்கம்போல மனதுக்குள் வரிசை போட்டேன். கயிற்றை மேலே தள்ளலாம்: முழங்கை வரை வீக்கம், ஏறாது. காமனை எரிக்கும் வரை இரண்டு வாரம் கட்டில்லாமல் தாங்கலாம்: கோணலாகவே கூடிவிடும். வேறு ஒருவர் ரதியாகலாம்: காப்புக் கட்டிய பின் ஆள் மாற்ற முடியாது. வரிசை தீர்ந்துபோனது. அண்ணனின் கையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வெட்டிவிடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார். மன்மதனைப் பார்த்துக் கேட்டார்.

"காப்பு யாருக்குக் கட்டுனது? எனக்கா, ரதிக்கா?"

"இது என்ன கேள்வி? ரதிக்கு."

"ரதி ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பள."

"பொம்பளைக்குக் காப்பு எந்தக் கையில கட்டுவாங்க?"

மன்மதன் தன் வலது கைக் காப்பைத் தடவிப் பார்த்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடேங்கப்பா! இம்புட்டு வருசமும் மாஸ்டர் தப்பான கையிலயா கட்டிக்கிட்டு இருந்தாரு?"

"அவரு எம் மூஞ்சியப் பாத்துக் கட்டிட்டாரு. ரதியப் பாத்துக் கட்டல. மொதல்ல எடது கையில கட்டு. கட்டுனதுக்கு அப்பறம் இத வெட்டட்டும். நடுவுல ஒரு நிமிசங்கூட காப்பு இல்லாம இருக்கக் கூடாது."

தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்ற அக்கா எனக்கு நினைவுக்கு வந்தார்.

மன்மதன் மஞ்சளுக்குக் கடைவீதிக்கு ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கடைக்கார நானா, என்ன தம்பி, ஆஸ்பத்திரிக்குள்ள கலியாணமான்னு கேக்குறாரு. ஆமான்னுட்டேன்."

கயிற்றுக்கு வெள்ளைப் பேண்டேஜ் துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து மஞ்சள் பூசிக் கொடுத்தேன். அதில் மஞ்சள் துண்டை முடிந்து, மன்மதன் தன் ரதியின் இடது கையில் மூன்று முடிச்சுப் போட்டார். பிறகுதான் நான் கத்தரிக்கோலை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் இடது கையையும் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வெட்டினார்.

மாவுக்கட்டு காய்கிறவரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடம் கேட்க வேண்டும் என்று பல வருசமாக வைத்திருந்ததை அன்று கேட்டேன்.

"நீ நடிக்கிறியா, இல்ல நெசமாவே ரதியாயிடுறியா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"நடிக்கிறேன்னு நெனச்சா அழுக வராது. நாந்தான் ரதின்னு நெனச்சுட்டா அழுது தாளத்த விட்டுருவேன், தப்பு மேளம் அடிக்கிறவன் திட்டுவான். அழுதுக்கிட்டே காலடிய எண்ணணும்."

"அப்ப அழுவுறது யாரு, எண்ணுறது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு பேரும் ஒரே சேலையத்தான் கட்டியிருக்கோம்."

நான் இத்தனை காலம் என்னிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பெயரையும் ஒரு கயிற்றையும் கூடுதலாகக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே மிஸ். தோட்டத்தில் ஸ்டோர்காரர் மகள். இவற்றில் எது நிஜம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா என்று முதன்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது.

கூத்து நின்றுபோகவில்லை. மாஸ்டர் இடது கையைக் கண்டு முதலில் முறைத்தாராம். "எக்ஸ்ரேயப் பாத்துட்டு வந்து எனக்குச் சாஸ்திரம் சொல்றான்" என்றாராம். பிறகு தன் விரலால் முடிச்சை அழுத்திப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் கட்டியிருக்கு" என்று விட்டுவிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நான் தோட்டத்துக்குப் போனேன். ரதியும் மன்மதனும் லயம் லயமாக வாசலில் ஆடிவந்தார்கள். "ரதிக்குக் கட்டு, ரதிக்குக் கட்டு" என்று பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு வந்தார்கள். சிவப்புச் சேலையின் முந்தானை அந்த மாவுக்கட்டை மூடியிருந்தது. கையை வீசி ஆட வேண்டிய இடங்களில் அண்ணன் அதை நெஞ்சோடு அணைத்து, தூங்குகிற குழந்தையைக் கலைக்காமல் நடப்பதுபோல அடியெடுத்து வைத்தார். பாட்டில் அப்படி ஒரு குழந்தை இல்லை. ஆனால் பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டு நின்ற பெண்கள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். ஓர் அடிகூடத் தாளம் தப்பவில்லை. எங்கள் வாசலுக்கு வந்ததும் அம்மா செம்புத் தண்ணீரை அந்தப் பாதங்களில் ஊற்றி, மஞ்சள் பூசி, குனிந்து கும்பிட்டார். எழுந்து நின்றதும் மெதுவாக, "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார். ரதி தலையசைத்து இல்லை என்றாள். அம்மா கேட்டது யாரை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டவருக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை.

காமனை எரித்த அன்று எனக்கு வேலை நாள். போகவில்லை.

மாவுக்கட்டை வெட்டி மறுபடி படம் எடுக்க அண்ணன் வந்தபோது மீசை வளர்ந்திருந்தது. கவுன்டரில் இந்த முறை சொந்தப் பெயரைச் சொல்லியிருந்தார். மன்மதனும் கூடவே உள்ளே நுழைந்தார்.

"ஒரு ஆள் மட்டுந்தான்" என்றார் அட்டெண்டன்.

"நான் எரிஞ்சு போனவனுங்க. ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவேன். நீங்க எப்பிடிங்க பாத்தீங்க?"

அட்டெண்டன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

புதிய படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். டாக்டர் பழைய படத்தைக் கேட்டார். நர்ஸ் தேடிவிட்டு, இந்தப் பெயரில் பழைய படம் எதுவும் இல்லை, கை முறிவில் ரதி என்று ஒரு பெண்ணுடையதுதான் இருக்கிறது என்றார். அதைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். ஒன்றில் பெண், ரதி. மற்றதில் ஆண், வேறு பெயர். இரண்டிலும் ஓரத்தில் அதே ஈய எழுத்து. ஒன்றில் முறிவு கறுப்புக் கோடாக இருந்தது. மற்றதில் அந்தக் கோட்டின் மேல் எலும்பு வளர்ந்து வெள்ளையாகத் திரண்டிருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளா?" டாக்டர் என்னிடம்தான் கேட்டார். இரண்டு படங்களையும் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும்.

"ஒரே ஆள்தான், டாக்டர்."

அண்ணன் வலது கையை மெல்ல மடக்கி விரித்தார். ஐந்து விரலும் மடங்கின.

"நல்லாக் கூடியிருக்கு. ரோலருக்குப் போகலாம்" என்றார் டாக்டர்.

வெளியே போகும்போது அண்ணன் கதவருகே நின்றார். "அந்தப் பழைய பேர அடிச்சுத் திருத்திப்புடாத" என்றார்.

இரண்டு படங்களையும் ஒரே உறையில் போட்டேன். உறையின் மேல் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி இரண்டு பெயரையும் எழுதினேன்.