எங்கப்பாவுக்கும் ஒரு நாற்காலி

சொல்ல இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் கப்பல்துறையில் வேலை முடிந்ததும் ஒரு துரைசானியிடம் இங்கிலீஷ் கற்கப் போவேன். ஒருநாள் அவரவர் வீட்டு வழக்கத்தை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்.

என் பக்கத்தில் உட்காரும் சீனர் ஆ ஹெங் எழுந்து, செத்துப்போன அப்பாவுக்கு வருஷாவருஷம் நாற்காலி போட்டு மேசையில் சோறு வைப்போம் என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “வந்து சாப்பிட்டுட்டா போறாரு?” என்று மலாய் மொழியில் கேட்டேன். அவர் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டார்.

“இந்துக்கள் என்ன செய்வீர்கள்?” என்று துரைசானி என்னைக் கேட்டார்.

நாங்களும் சோறு வைப்போம், காக்கை எடுத்தால் அப்பா சாப்பிட்டதாக அர்த்தம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். எங்கள் குடியிருப்புப் பக்கம் காக்கையே வருவதில்லை. மூன்று வருஷமாக அப்பா பட்டினி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஆ ஹெங் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தோளைத் தொட்டார்.

“தம்பி, நாளைக்கு எங்கப்பா நாள். உங்கப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுறேன் லா. பன்றிக்கறி இல்லாம தனி இலை.”

“அவருக்குச் சீனம் தெரியாதே அண்ணே.”

“சோறு திங்க எதுக்குப் பேச்சு?”

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். காலி நாற்காலிக்கு முன் வாழையிலையில் சோறு ஆவி பறந்தது. அப்பா வந்தாரா, தெரியாது. என் மனசு ஆறியது. பிறகு, நான் சிரித்தேனே, அந்த ஆ ஹெங் அப்பாவின் நாற்காலிக்கு முன்னும் விழுந்து கும்பிட்டேன்.