அக்காவுக்கு வைத்த மிளகாய்

இன்று ஜவ்வாது மலையில் கூடாரம். இனிப்புக்கு அக்கா பொறுப்பு, குறும்புக்கு நான் பொறுப்பு.

வாழைப்பழத்தைக் கீறி, வெல்லமும் தேங்காயும் அடைத்து, இலையில் கட்டித் தணலில் போட்டால் இனிப்பு தயார். அக்காவின் பழத்துக்குள் மட்டும் பச்சை மிளகாயை நறுக்கி ஒளித்தேன். அடையாளத்துக்கு இரண்டு முடிச்சு. வெந்ததும் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து நிலத்துக்காரர் வந்தார். "கலாட்டா பண்ணா அப்பவே கெளம்பிடணும்" என்று சொல்லித்தான் தன் சாமை வயல் ஓரத்தில் இடம் கொடுத்திருந்தார்.

"மொதல்ல நீங்க சாப்புடுங்கண்ணா" என்று அக்கா தன் பழத்தையே நீட்டிவிட்டாள்.

கடித்தார். மெல்வதை நிறுத்தினார். நான் மனதுக்குள் கூடாரத்தைப் பிரித்து மடித்தே விட்டேன்.

"வெல்லத்துல மொளகாவா? இன்னாம்மா இது, சோக்கா கீது! இன்னொன்னு கீதா?"

அப்பாடா! போன உயிர் வந்தது.

அக்கா ஒரு நொடி விழித்தாள். பிறகு, "எங்க வூட்டுப் பக்குவம்ணா" என்றாள். என் பக்கம் திரும்பி, "டேய், மீதிப் பழத்துக்கும் மொளகா நறுக்குடா!"

கண்டுபிடித்தவன் நான், பாராட்டு அவளுக்கு. கண் எரிய நறுக்கிக்கொண்டிருக்கிறேன். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.