ஊன்றுகோலுக்குப் புது ரப்பர்

எந்த ரப்பரானாலும் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார் குலாம் ரசூல். பள்ளம் விழுந்து மெல்ல மேலே எழும்பினால் முகம் மலரும். நகம் இறங்கவே இல்லையென்றால் உதட்டைப் பிதுக்கி, “இது செத்துப் போச்சுங்க, ரோட்ட புடிக்காது” என்பார். செங்கம் சாலையில் அவருடைய பஞ்சர் கடைக்கு வருகிறவர்களுக்கு இந்த நாடி பார்க்கிற வைத்தியம் பழகிவிட்டது.

டியூபை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவிவிட்டாரென்றால் அது காயும்வரை யார் குதித்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “ஈரத்துல ஒட்டினா பாதி வழியில உட்டுடும்” என்று டீக்கடைக்கு நடையைக் கட்டிவிடுவார். காரில் வந்தவர்களும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

போன விஜயதசமி சாயங்காலம் கஸ்தூரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவள்; கக்கத்தில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. நல்ல நாளென்று அன்று காலைதான் அதே சாலையில் இருக்கும் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். துடைத்து ஈரம் காயாத டைல்ஸில் ஊன்றுகோல் வழுக்கி, முதலாளியின் கண்ணெதிரிலேயே விழுந்திருக்கிறாள்.

“நாளைக்கும் வுழுந்தா வேலைக்கு வராதன்னுட்டாரு, பாய்.”

ரசூல் ஊன்றுகோலைத் தலைகீழாகத் திருப்பி, அடி ரப்பரைத் தடவி முகர்ந்தார். “எண்ணெய் எதுனா தடவுனியாம்மா?”

“ஆயுத பூஜைக்கு வச்சேன். பளபளன்னு இருக்கட்டும்னு தேங்காண்ணெய் தடவிப் பொட்டு வச்சேன். எனக்கு ஆயுதம் இதுதானுங்களே.”

ரசூலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுகிற நிலையில் இருந்த கஸ்தூரியும் சிரித்துவிட்டாள்.

“வழுவழுன்னு இருக்கற தரையிலயும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும்மா. ரப்பர் அமுங்கி அதுல போய் உக்காந்தாதான் புடிக்கும். இது ஏற்கெனவே கெட்டியாப் போன ரப்பர். அதுக்கு மேல நீ எண்ணெய் வேற பூசிட்ட.”

பழைய டயர்க் குவியலில் ஒன்றுவிடாமல் கிளறி, மெத்தென்ற ஒரு துண்டைக் கண்டுபிடித்ததும், “அல்லா புண்ணியத்துல ஆப்டுச்சு” என்றார். அதிலிருந்து வட்டமாக ஒரு வில்லை வெட்டினார். எண்ணெய் குடித்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு கோலின் நுனியில் வேறு ரப்பர் மூடி மாட்டி, தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, வில்லையை அதன் அடியில் ஒட்டித் தட்டினார். கடை ஓரம் கிடந்த டைல்ஸ் பலகையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் ஊன்றுகோலை ஊன்றி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தன் தொப்பையின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

“இது ஒட்டறதாலதாம்மா நான் சோறு துன்றேன். உன்னையும் கைவுடாது, போ” என்று அனுப்பிவைத்தார். ஆனால் மறுநாள் முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்து கஸ்தூரி வந்தாள். பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீர் சிந்தி, கடை வாசல் சொதசொதவென்றிருந்தது.

“பாத்து, பாத்து வாம்மா.”

அவள் நேரே அந்த ஈரத்தில் வந்து நின்றாள். ஊன்றுகோலைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்தபடி இரண்டு கைகளையும் கூப்பினாள். ஊன்றுகோல் அசையவில்லை. அவளைத் தாங்கப் பதறி நீட்டிய கையை ரசூல் மெதுவாக மடக்கி, கிரீஸ் கறையோடு தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.