திவ்யாவின் இடது கால்

ரெனிதாவுக்கு மூக்கு இரண்டு முறை உடைந்திருக்கிறது. ஒரு முறை பயிற்சியில், இன்னொரு முறை அண்ணன் யூஜின் கையால். "கல்யாணம் கட்ற வயசுல ஆம்பளப் பசங்களோட கட்டிப் புரண்டுகினு கீறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டு ஒரு குத்து விட்டான். அவனை இடுப்போடு தூக்கி அவள் தரையில் போட்ட போட்டில் சுவரிலிருந்த திருஇருதய ஆண்டவர் படம் விழுந்து கண்ணாடி தெறித்தது. அண்ணனுக்குத் தோள்பட்டை நழுவியது. அன்றோடு அந்த வீட்டில் வெட்கத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை.

வீடு முத்தாபுதுப்பேட்டையில். முகப்பேரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது இருபத்தெட்டு. மல்யுத்தத்தில் இருபத்தெட்டு என்பது கிழவி கணக்கு! அல்மாட்டியில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் கிளம்பப் போகின்றன. ஒவ்வொரு எடைக்கும் ஒரே ஒருத்திக்குத்தான் இடம். இதை விட்டால் ரெனிதாவுக்கு இன்னொரு தடவை கிடையாது. முன்சுற்றுகள் முடிந்தபோது அவள் எடையில் மிஞ்சியவர்கள் அவளும் திவ்யாவும்தான்.

திவ்யா வேற்றாள் இல்லை. பத்து வருஷமாக ஒரே மல்யுத்த மெத்தையில் புரண்டவள். ஆவடிப் பக்கம் அந்த எடையில் வேறு பெண் இல்லாததால், தினமும் ஒருத்தியை ஒருத்தி போட்டு மிதித்து வளர்ந்த சிநேகிதம். ரெனிதாவின் சப்பைக் காதும், திவ்யாவின் பாதிப் பல்லும் அவர்கள் ஒருவருக்கொருவர் செய்த சீர்வரிசை.

கடைசித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில் திவ்யா வலது முட்டியில் கட்டோடு வந்தாள். அடிபட்ட காலைச் சும்மா விட்டு, நல்ல காலில் கட்டுப் போடுவது மல்யுத்தத்தில் எல்லாரும் செய்கிற தில்லுமுல்லு. எதிராளி கட்டைப் பார்த்து அங்கேயே போய் முட்டிக்கொள்வாள்.

"கட்டு சும்மா ஷோவுக்குடி," என்றாள் திவ்யா. "வலி இடது முட்டில கீது. எத்திராஜ் மாஸ்டருக்கே தெரியாது. உன்னாண்ட மட்டும்தான் சொல்றேன்."

"லூசாடி நீ? நாளன்னிக்கு என்னோடதான மோதப் போற?"

"நீ அந்தக் காலைத் தொட மாட்ட. எனக்குத் தெரியும்."

ரெனிதா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா தொட மாட்டேன்டி," என்றாள். யார் கேட்டார்கள் சத்தியத்தை? தானாகத்தான் செய்தாள்.

தேர்வன்று காலை இருவரும் திவ்யாவின் ஸ்கூட்டியிலேயே அரங்கத்துக்குப் போனார்கள். விசில் ஊதியதும் சிநேகிதம் வாசலோடு நின்றுவிட்டது. திவ்யா பிடரியில் விட்ட அறையில் ரெனிதாவின் கண்ணில் பூச்சி பறந்தது. ரெனிதா அவள் கழுத்தை மடக்கி, முகத்தில் தோளால் இடித்து உதட்டைக் கிழித்தாள். காலைப் பிடிக்கப் பாயும்போதெல்லாம் சத்தியத்தை நினைத்து வலது பக்கமே பாய்ந்தாள். திவ்யா அந்த ஒரு காலை மட்டும் காத்துக்கொண்டு சாவகாசமாகப் புள்ளி சேர்த்தாள்.

"இன்னாடி பண்ணிகினு கீற? இன்னொரு காலப் புடிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார் எத்திராஜ் மாஸ்டர். அவளுக்கும் திவ்யாவுக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் திவ்யாவின் நெற்றி வந்து மோதி ரெனிதாவின் புருவம் பிளந்தது. ரத்தம் மெத்தையில் சொட்டியது. டாக்டர் பஞ்சை அமுக்கித் தலையைச் சுற்றிக் கட்டும்போது ரெனிதா புள்ளிப் பலகையைப் பார்த்தாள். ஐந்து புள்ளி பின்னால் இருந்தாள். பாழாய்ப்போன சத்தியம்! இவள் மண்டையை உடைப்பாளாம், நான் காலைத் தொடக் கூடாதாம்!

மறுபடி விசில். ரெனிதா நேராக இடது காலில் விழுந்தாள். பிடித்ததோடு விட்டாளா? குதிகாலை ஒரு கையால் பற்றி, முட்டியில் தோளைக் கொடுத்து, ஆத்திரம் தீரத் திருகினாள். உடைந்து தொலையட்டும் என்றுதான் திருகினாள்.

கால் அசையவில்லை. கல்லுமாதிரி நின்றது. இதற்கென்றே காத்திருந்தவளாக திவ்யா அவள் அக்குளுக்குள் இரண்டு கையையும் செருகிப் பூட்டி, அப்படியே புரட்டி அடித்தாள். 'மடக்' என்று ஒரு சத்தம் வந்தது. ரெனிதாவின் தோளோரக் காறையெலும்பு. அலறியவளின் இரண்டு தோளும் மெத்தையில் பட்டன. நடுவர் தரையைத் தட்டினார். முடிந்தது.

முதலுதவி அறைக்குத் திவ்யா நொண்டாமல் நடந்து வந்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எந்தக் கால்தான்டி வலிச்சுது?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டாள் ரெனிதா.

"ரெண்டும் இல்ல."

"அடிப்பாவி! பொய் சொல்லி என் சான்ஸைத் தின்னுட்டியே!" வலியிலும் அவமானத்திலும் ரெனிதா வாய்விட்டு அழுதாள்.

திவ்யா உட்கார்ந்து, வலது முட்டியின் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அதையே எடுத்து ரெனிதாவின் கையை மார்போடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள்.

"பொய்தான் சொன்னேன். ஆனா நீ கடைசி வரைக்கும் தொடாம தோத்திருந்தா, நீயே போடின்னு என் பேரை வாபஸ் வாங்கலாம்னு இருந்தேன்."

"இதுவும் பொய்தான? சொல்லுடி! பொய்தான?"

"அது எப்படியோ போவுது. நீ திருகுன பாரு, அது நெஜம்டி," என்று சொல்லி முடிச்சை இறுக்கினாள் திவ்யா.