மூன்றாவது தொட்டியின் சரளைக்கல்

பல் செட் செய்து கொடுப்பது அவருடைய தொழில். முப்பது வருஷம் அடுத்தவர் பல்லையே பார்த்து அலுத்துப்போனவர், வேலையறையை ஒட்டிய சின்ன அறையில் மூன்று தொட்டிகள் வைத்து, மண்ணே இல்லாமல் லெட்டூஸ் கீரை வளர்க்க ஆரம்பித்தார். மோட்டார் தண்ணீரை ஏற்றும். கால் மணி நேரம் வேர் நனையும். பிறகு அத்தனையும் வடிந்துவிடும். விளக்கு நேர் மேலே. தெருப்பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்.

வேர் பிடித்து நிற்கத் தொட்டியில் எதைப் போடுவது என்பதில்தான் படாத பாடு பட்டார். தேங்காய் நார்த்தூள் ஈரத்தை விடவேயில்லை, வேர் அழுகியது. பொரி மாதிரி வெள்ளையாக இருந்த பெர்லைட் முதல் தண்ணீரிலேயே மிதந்துபோய் மோட்டாரை அடைத்தது. சுட்ட களிமண் உருண்டை சரியாக வந்தது. ஆனால் கடையில் மிஞ்சியிருந்த மூட்டைகள் இரண்டு தொட்டிக்குத்தான் கண்டன.

அந்த வாரம் எதிர்வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறைத் தரைக்கு அடியிலிருந்து வாரிய சரளைக்கல் தெருவோரம் குவிந்து கிடந்தது.

"வேணுங்கறத அள்ளிக்கோங்க சார்," என்றார் பொக்லைன் ஓட்டுபவர்.

நான்கு வாளி அள்ளிவந்தார். சலித்தார், அலசினார், ஒரு பிடிக் கல்லின் மேல் வினிகரை ஊற்றினார். நுரைத்தால் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கெடுத்துவிடும். நுரைக்கவில்லை. மூன்றாவது தொட்டியில் கொட்டினார்.

அந்தத் தொட்டி மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு இலைகள். ஆனால் மேலே விளக்கு எரிய, அவை அத்தனையும் பலகை அடித்த ஜன்னல் பக்கமே திரும்பி நின்றன. தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் உள்ளே கடக், கடக் என்று ஒரு சத்தம்.

"யாரோ பல்லக் கடிக்கற மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி. "அந்தத் தொட்டிக் கீரை எனக்கு வேண்டாம்."

"நாள் பூரா பல்லோட மாரடிக்கறவன் நான். எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதா? கல்லு கல்லோட உரசுது, அவ்வளவுதான்."

அவருக்கும் கேட்டது. வீம்புக்கு ஆறு வாரம் தனியாகவே அந்தக் கீரையைச் சாப்பிட்டார்.

ஒரு மத்தியானம், முற்றிய செடி ஒன்றைப் பிடுங்கினார். வேர் முஷ்டி மாதிரி எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். பாசி அப்பிய, ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று பல். குழாயில் காட்டினார். நடுப்பல் கோணலாக இருந்தது.

அது அவர் செய்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்காகச் செய்தது. "நேரா வெச்சுடாதீங்கண்ணே. பழையபடி கோணலாவே இருக்கட்டும். இல்லேன்னா கண்ணாடியில யாரோ மாதிரி தெரியும்," என்று அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம், அக்கா வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று அவள் தம்பி சொன்னான். தெருவே நம்பியது. "நல்லதாப் போச்சு," என்று இவரும் சொன்னார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கழட்டி வெச்சிட்டு மறந்து போயிருப்பாங்களோ?"

"இது கழட்டி மாட்டறது இல்லம்மா. நிரந்தரமா ஒட்டினது. தானா வராது."

தொட்டியில் தண்ணீர் வடிந்து முடிந்தது. இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். சத்தம் இல்லை.

சாயங்காலமே காவல் நிலையத்துக்குப் போனார்கள். எதிர்வீடு இருந்த காலி மனையைத் தோண்டிய இரண்டாம் நாள் மீதி கிடைத்தது. வேறு ஊரில் பிடிபட்ட தம்பி, "வழுக்கி விழுந்துட்டா, பயந்துட்டேன்," என்றான். மண்டையோட்டைப் பார்த்த யாரும் அதை நம்பவில்லை.

தொட்டிக் கல்லை வாளி வாளியாக எடுத்துப்போக வந்த பெண் போலீஸ் கேட்டார்: "இதுல வளந்த கீரைய என்ன பண்ணீங்க?"

"இவர் சாப்பிட்டாரு," என்றாள் மனைவி.

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது மூன்று தொட்டியிலும் கடையில் வாங்கிய களிமண் உருண்டைதான். கொட்டுவதற்கு முன் வேலை விளக்கின் கீழ் உட்கார்ந்து, ஒவ்வொரு உருண்டையையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒரு மூட்டைக்கு இரண்டு நாள் ஆகிறது. வேலை முடிந்து வந்து, மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிப் பார்க்கிறாள்.