உயிரோடிருப்பவரின் பெயர்

கிளேட்டனில் நான் வேலை செய்த இரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர், நிறைமாத வயிற்றோடு சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "உங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிற தாத்தாவின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்களா?" என்று கேட்ட மதியம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தாராளமாக என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் தாத்தாவும் பேரன், பேரப்பிள்ளையும் பேரன். இருவருக்கும் ஒரே பெயர் என்பதுதானே பொருள் என்று பெருமையோடு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "இதை என் மாமியாரிடம் வந்து சொல்," என்றார்.

மேலாளருடையது எகிப்திலிருந்து வந்த செபார்டிக் யூதக் குடும்பம். தாத்தாவின் கண்முன்னே அவர் பெயரைப் பிள்ளைக்கு இடுவதுதான் அவர்களிடம் மரியாதை. கணவரோ போலந்து வழிவந்த அஷ்கநாசி யூதர். அங்கே இறந்தவர்களின் பெயர் மட்டும்தான். ஒரு பெயரில் இருவர் இருந்தால், உயிரெடுக்க வரும் தூதன் ஆள்மாறிப் பிள்ளையைத் தூக்கிவிடுவான் என்று மாமியாருக்குப் பயம். மேலாளரின் அப்பா எண்பதைத் தாண்டியவர். அவருக்கு இவர் ஒரே மகள். பெரியவர் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, ஆனால் காத்திருந்தார்.

மேலாளர் கணவர் வீட்டு ரபியிடம் போனார். மணமான பெண் கணவன் வீட்டு வழக்கத்துக்கு மாறுவதே முறை என்று அந்த மதகுரு ஆரம்பித்தாராம். "இது சட்டமா, வழக்கமா?" என்று இவர் மடக்கியிருக்கிறார். வழக்கம்தான், சட்டத்தில் தடையில்லை, ஆனால் வீட்டுச் சமாதானம் பெரிது என்றார் ரபி. "என் அப்பாவும் அந்த வீட்டைச் சேர்ந்தவர்தான்," என்று சொல்லிவிட்டு மேலாளர் எழுந்து வந்துவிட்டார். ஒரு பரிசோதனை முடிவில் சந்தேகம் வந்தால் இரத்த மாதிரியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கிற பெண், இதிலா விட்டுக்கொடுப்பார்!

மகன் பிறந்தான். எட்டாம் நாள் சடங்குக்கு நானும் போனேன். குழந்தை தாத்தாவின் மடியில் கிடக்க, அவருடைய பெயரையே அதற்கு இட்டு உரக்க அறிவித்தார்கள். பெரியவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அவர் பிள்ளையைச் 'சின்னவன்' என்றே கூப்பிட்டார். வீம்பு என்று மேலாளர் கொதித்தார். எனக்கு அது புதிதில்லை. என் தம்பிக்கு அப்பப்பாவின், அதாவது அம்மாவின் மாமனாரின் பெயர். அருகிலுள்ள மல்கிரேவில் இருக்கிற அம்மா அவனைத் 'தம்பி' என்பதைத் தவிர வேறெப்படியும் அழைத்ததில்லை. கேட்டால், "மாமாவின்ர பேரைச் சொல்லி நான் எப்பிடியடி பிள்ளையை ஏசுறது?" என்பார். ஒருநாள் இதைச் சொன்னபோது மேலாளரின் மாமியார் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவர் இருக்கும்வரை அது அவருடைய பெயர். நான் கூப்பிட்டு, உயிரெடுக்க வருகிறவனுக்குப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்," என்றார். அது வீம்பல்ல, காவல் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

போன குளிர்காலத்தில் பெரியவர் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். அவர்கள் வழக்கப்படி மேலாளர் தாழ்ந்த கதிரையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குப் போகும் வயதாகிவிட்ட மகன் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். உள்ளே வந்த மாமியார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மேலாளர் திடுக்கிட்டு, அப்பா வருகிறாரோ என்பதுபோல் வாசலைப் பார்த்தார். பையன் திரும்பவில்லை; அந்தக் குரலில் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை. மாமியார் விடவில்லை. கைகளை நீட்டிக்கொண்டு, இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.