மென்றுகொண்டே இருந்த டெல்பர்ட்

டொலீடோ ஸ்டர்ஜன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் பார்த்துக் கொடுப்பது டெல்பர்ட் சோமோகியின் வேலை. பெண் பார்க்கப் போகிற மாதிரிதான் அதுவும். போய் உட்கார வேண்டும், கொடுத்ததைத் தின்ன வேண்டும், நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், பிடித்திருந்தாலும் காட்டிக்கொள்ளாமல் 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்று எழுந்து வந்துவிட வேண்டும். பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக ஹாட் டாக், அவ்வளவுதான் வித்தியாசம்.

மனிதர் கிழக்கு டொலீடோவில் பிறந்தவர். அப்பாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூட அணியில் முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழங்கால் போயிற்று. கால் போனால் என்ன, கண் இருக்கிறதே என்று ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக, பேர் சொன்னால் பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாத கல்லூரிகளுக்கெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு போய், மழையில் நனைந்து, எத்தனையோ பையன்களைக் கண்டுபிடித்தார். ஒருத்தனாவது டொலீடோவில் நிலைத்தானா என்றால், ம்ஹூம். பாதிப் பேரை டொலீடோவே வேண்டாம் என்று துரத்தியது. மீதிப் பேரை அக்ரன் அணிக்கு ஆள் பார்க்கிற விர்ஜில் கிட்ச் கொத்திக்கொண்டு போனான்.

விர்ஜிலுக்கு ஆட்டம் பார்க்கிற கஷ்டமே கிடையாது. அவன் டெல்பர்ட்டின் வாயைப் பார்ப்பான். பிடித்த ஆட்டக்காரன் மைதானத்தில் இறங்கினால் டெல்பர்ட்டுக்கு மெல்லுவது நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடி, உள்ளே இருப்பது வெளியே தெரிய, கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருப்பார். ஆள் பார்க்கிறவர்கள் உட்காரும் மாடத்தில் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகம் கோணக் கூடாது. எழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மனிதரின் வாய் மட்டும் ஊருக்கெல்லாம் தமுக்கடித்துக்கொண்டிருந்தது. பாவம், அது அவருக்கே தெரியாது. போன வருஷம் அவர் மனைவி வெர்னா சொல்லித்தான் தெரிந்தது.

"உனக்கு ஒண்ணு பிடிச்சுப்போச்சுன்னா வாய் நின்னுடும் டெல். என்னை மொதல்ல பாத்த அன்னிக்கும் அப்படித்தான். பர்கரைக் கடிச்சவன் கடிச்சபடியே நின்னே. என் தங்கச்சி, 'அந்தாளுக்கு வலிப்பு வந்துருச்சு, தண்ணி கொண்டு வா'ன்னு கத்துனா."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

இந்த லட்சணத்தில்தான் அவருக்கு ஜாமெல் விக்ஃபால் கிடைத்தான். ஆர்கன்ஸாவில், ரயில்கூட நிற்காமல் போகிற ஊரில் ஒரு கல்லூரி. பையன் குள்ளம். ஆனால் எதிரணி உதைத்து அனுப்புகிற பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓட ஆரம்பித்தான் என்றால், எதிரே பதினொரு தடியன்கள் வந்தாலும் கோழிக்குஞ்சு கூடைக்கடியிலிருந்து நழுவுகிற மாதிரி நழுவிவிடுவான். டெல்பர்ட் அன்றைக்கு வாங்கின சாண்ட்விச்சை அப்படியே காரில் வைத்து வீடு வரைக்கும் கொண்டுவந்தார்.

ஆகஸ்ட் மாசப் பயிற்சி முகாமில் ஜாமெலைச் சேர்த்தும் விட்டார். ஆனால் அணியில் ஆள் எடுப்பது, கழிப்பது எல்லாம் மேலாளர் லிண்டலின் கையில். லிண்டல் உதட்டைப் பிதுக்கினார்.

"பந்து திருப்பி ஓட நம்மகிட்ட ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான் டெல். போதாததுக்கு ட்ரிப் ஹாலோவே வேற மாத்தாளா நிக்கிறான். உன் பொடியனுக்கு எடமில்ல. கழட்டி விடுவோம். ஒருநாள் பாப்போம், வேற யாரும் கேக்கலைன்னா திரும்பக் கூப்பிட்டு பயிற்சிக் கும்பல்ல வெச்சுக்கலாம்."

"யாராவது கேட்டுட்டா பாஸ்?"

"கேட்டா அவங்களுக்கு. சட்டம் அதானே!"

ட்ரிப் ஹாலோவே பெரிய கல்லூரிக்காரன். பெரிய தோள், பற்பசை விளம்பரத்துக்கு ஏற்ற பல். ஓட்டம் மட்டும் கல்யாண ஊர்வலம்.

ஆகவே டெல்பர்ட்டுக்கு ஒரே ஒரு கவலை. கடைசி ஒத்திகை ஆட்டத்தில் ஜாமெல் இறங்கும்போது விர்ஜில் கண்ணில் அவன் படக் கூடாது. பட்டால் பையன் அக்ரனுக்குப் போய்விடுவான். படாவிட்டால் இங்கேயே பயிற்சிக் கும்பலில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வருஷமாவது டெல்பர்ட் கண்டெடுத்த ஆள் என்று ஒருத்தன் டொலீடோ சட்டை போட்டுக்கொண்டு நிற்பான். அதற்கு என்ன வழி? மெல்ல வேண்டும். என்ன நடந்தாலும் சரி, வாயை நிறுத்தாமல் மெல்ல வேண்டும்.

ஒத்திகை ஆட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பேர் பெற்றவனெல்லாம் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓரத்தில் சிரித்துக்கொண்டிருப்பான். வேலை போகப் போகிறவன் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடுவான். டெல்பர்ட் தட்டு நிறைய ஹாட் டாக்கும், மேலே ஊற்றின மிளகாய்க் கறியுமாக விர்ஜிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னய்யா, வீட்டுல வெர்னா சோறு போடலியா?" என்றான் விர்ஜில்.

"பசிக்குதுப்பா. உனக்கென்ன?"

மூன்றாவது பகுதியில் பந்து திருப்பி ஓடுகிற நிரந்தர ஆள் கால் மடங்கி விழுந்தான். வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது. நாலைந்து மாசத்துக்கு எழுந்திருக்க மாட்டான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அணியில் நிஜமாகவே ஓர் இடம் காலி. டெல்பர்ட் அதைக் கவனித்தாரா? எங்கே! மனிதர் அப்போது மூன்றாவது ஹாட் டாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பகுதியில், பாதிக் கூட்டம் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்ட பிறகு, ஜாமெல் இறங்கினான். பந்து வந்தது. பிடித்தான். இடதுபக்கம் போகிற மாதிரி ஒரு பாவனை, இரண்டு தடியன்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்தார்கள். நடுவில் புகுந்தான். பந்தை உதைத்தவனே குறுக்கே வந்தான்; அவனைத் தாண்டி ஓரக்கோட்டில் விரல்நுனியால் நடந்து, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றான். மேல் வரிசையில் ஒரே ஒரு அம்மாள் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

டெல்பர்ட்டுக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனால் தாடை நிற்கவில்லை. வைராக்கியமாக மென்றார். மாடு அசைபோடுவது தோற்றது. தட்டு காலியான பிறகு காகிதக் கைக்குட்டையைக்கூடக் கொஞ்சம் மென்றார். விர்ஜில் அவர் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டு, கைபேசியில் மூழ்கிப்போனான். ஜெயித்துவிட்டோம் என்று டெல்பர்ட்டுக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஆள் கழிக்கிற வெட்டு விழுந்தது. அதற்கு ஒரு முறை உண்டு. ஓட்டல் அறைக் கதவைத் தட்டி, 'கோச் கூப்பிடுறாரு, டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வா' என்பார்கள். டேப்லெட்டில்தான் அணியின் ஆட்ட ரகசியம் எல்லாம் இருக்கும். அதைக் கேட்டால் கதை முடிந்தது. அதனால் அன்று காலையில் எவனும் எந்தத் தட்டலுக்கும் கதவைத் திறக்க மாட்டான். ஜாமெல் திறந்தான். அவன் அம்மா காபி வாங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

காலியான இடம் ட்ரிப் ஹாலோவேக்குப் போயிருந்தது. செய்தி கேட்டு டெல்பர்ட் லிண்டலின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார்.

"பாஸ், அந்தக் கால் ஒடிஞ்சவன் எடம் காலியாச்சே! ஜாமெலுக்குத் தரக் கூடாதா?"

"குடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

லிண்டல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைக் கேக்கிறியே! அந்தப் பொடியன் ஓடும்போது நான் கண்ணாடி ரூம்லேருந்து பைனாகுலர்ல உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ பாட்டுக்கு மென்னுக்கிட்டே இருந்தே. இருபது வருஷமா உன் வாயை நம்பித்தான்யா நான் ஆள் எடுக்கிறேன்! உனக்கே பிடிக்கல, எனக்கு என்ன வந்துச்சு?"

"ஆட்டத்தைப் பாக்க மாட்டீங்களா பாஸ்?"

"ஆட்டத்தைப் பாத்தா எனக்கு என்ன தெரியும்?"

தவளை கத்திக் கெட்டது. டெல்பர்ட் கத்தாமல் கெட்டார்.

"இப்ப என்ன முழுகிப்போச்சு?" என்றார் லிண்டல். "யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்குக் கூப்பிட்டு பயிற்சிக் கும்பல்ல போட்டுக்குவோம். நீ ஆசைப்பட்டதும் அதானே!"

டெல்பர்ட் வாசலுக்கு வந்தபோது ஜாமெல் பையை மாட்டிக்கொண்டு நின்றான். மறைக்கத் தெரியாத மனிதர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பையன் முடிகிற வரைக்கும் கேட்டான்.

"சார், நான் ஓடுனது நல்லா இருந்துச்சா இல்லியா?"

"பிரமாதம்டா."

"அப்ப அதை யாரும் பாக்கக் கூடாதுன்னு நெனைச்சீங்க."

"உன்னை இங்கியே வெச்சுக்கணும்னுதான்..."

"எனக்காகவா, உங்களுக்காகவா? எங்கம்மா ராத்திரி பூரா பஸ்ல வந்து அங்க நின்னு கத்துனா சார். என்னைக் கண்டுபிடிச்ச மனுஷன் நீங்க, வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லலியே!"

டெல்பர்ட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பையன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து, தன் வாழ்நாளிலேயே செய்யாத ஒன்றைச் செய்தார். விர்ஜிலுக்குத் தானே போன் போட்டார்.

"விர்ஜில், ஜாமெல் விக்ஃபாலைக் கேட்டு வாங்கிக்க. இன்னிக்கே."

விர்ஜில் விழுந்து விழுந்து சிரித்தான். "யாருக்குய்யா குழி வெட்டுற? நான்தான் பாத்தேனே, நீ பன்னி மாதிரித் தின்னதை!"

"உன்னை ஏமாத்தத்தான் தின்னேன், மடையா. நீ ஒருநாளாச்சும் என் மூஞ்சியை விட்டுட்டு ஆட்டத்தைப் பாரு. அந்த ஓட்டத்தோட வீடியோவைப் போட்டுப் பாரு. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்."

மறுமுனையில் வீடியோ ஓடியது; அந்த ஒற்றை அம்மாளின் கத்தல் கேட்டது. பிறகு விர்ஜில், "அட கடவுளே" என்றான். இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "டெல், சொந்த டீம் ஆளை வேற டீமுக்குக் காட்டிக் குடுத்தது தெரிஞ்சா உன்னைத் தொரத்திடுவாங்கய்யா" என்றான்.

"அது என் பாடு. அவன் ஆடணும்."

அக்ரன் ஜாமெலைக் கேட்டு எடுத்துக்கொண்டது. லிண்டல் கூடம் அதிரக் கத்தினார்: "எவன்டா அவங்களுக்குச் சொன்னது?" டெல்பர்ட், "நான்தான்" என்றார். சாயங்காலத்துக்குள் பெட்டியில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வெர்னா விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இத்தனை வருஷத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் நீயா வாயைத் தெறந்து எடம் வாங்கிக் குடுத்தே. அதுவும் அடுத்தவன் டீம்ல. உன்னைக் கட்டிக்கிட்ட எனக்கு இதுவும் வேணும்." பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சீசன் தொடங்கின ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட் கார் எடுத்துக்கொண்டு அக்ரன் போனார். மாடத்துக்கு இப்போது யார் விடுவார்கள்? டிக்கெட் வாங்கி, வானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மலிவு வரிசையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள், முதுகில் விக்ஃபால் என்று எழுதின சட்டை போட்டு, எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். இவர் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஜாமெல் பந்தைப் பிடித்தான். திரும்பினான். ஓடினான்.

டெல்பர்ட் எழுந்து நின்று கத்தினார். வந்தது ஒரு கீச்சுக்குரல். இருபது வருஷம் மாடத்தில் வாயை மூடி வைத்திருந்த மனிதருக்கு வேறென்ன வரும்?

அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ், இதுக்குப் பேரு கத்தலா? எம்புள்ள ஓடுறான். வாயைத் தெறந்து கத்துய்யா!"

டெல்பர்ட் கத்தினார்.